ரேகை வைக்க மறுத்த ஊர்

கொட்டாம்பட்டி ரேஷன் கடையில் கைரேகைக் கருவியின் சிவப்பு வெளிச்சத்தில் விரலை வைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருங்காமநல்லூர் ஞாபகம் வரும். உசிலம்பட்டிப் பக்கத்து ஊர். 1911 குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் பிறமலைக் கள்ளர் ஆண்கள் ரேகை பதிய வேண்டும்; இரவில் காவல் நிலையத்தில் படுக்க வேண்டும்; வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். குற்றம் செய்திருக்க வேண்டியதில்லை, அந்தச் சாதியில் பிறந்திருந்தாலே போதும்.

1920 ஏப்ரல் 3-ஆம் தேதி, ரேகை தர மறுத்த பெருங்காமநல்லூர் மக்களைப் போலீஸ் சுட்டது. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆனது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2017 ஆகஸ்ட் 24 ஆனது.

இன்று கட்டைவிரலில் மை ஒட்டுவதில்லை. ஆனால், கைப்பேசிச் செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று காட்டச் சொல்ல 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் இடம் தருகின்றன. எல்லாரையும் சந்தேகப்படும் சட்டம் என்ன செய்யும் என்பதை எங்கள் மண் அறியும்.