வணிக இரகசியப் பாதுகாப்புச் சட்டம் (இந்தியா)

வணிக இரகசியம் என்பது, பிறர் அறியாதிருப்பதாலேயே ஒரு தொழிலுக்கு மதிப்புத் தரும் தகவல். செய்முறை, கலவை விகிதம், வாடிக்கையாளர் பட்டியல் ஆகியன இதில் அடங்கும். காப்புரிமை பெறச் செய்முறையை வெளியிட வேண்டும். அந்த உரிமையும் 20 ஆண்டுகளில் முடியும். இரகசியத்துக்குக் கெடு இல்லை. ஆனால் ஒருமுறை ஊரறிந்துவிட்டால் மீட்க முடியாது.

சட்ட அடிப்படை
இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் கிடையாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும், நம்பிக்கை மீறலுக்கு எதிராக நீதிமன்றங்கள் வளர்த்த நெறிகளுமே காவல். அச்சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது. ஆகவே ஒப்பந்தக் காலம் முடிந்து வேலையை விட்டுச் சென்றவர் அதே தொழிலில் இறங்கலாம். பழைய முதலாளியின் இரகசியத்தை எடுத்தாளக் கூடாது.

முக்கிய வழக்குகள்
செஞ்சுரி ஸ்பின்னிங் நிறுவனம் டயருக்கான நூலிழை தயாரிக்கும் நுட்பத்தை, இரகசியம் காக்கும் நிபந்தனையுடன் டச்சு, ஜெர்மன் நிறுவனங்களிடம் பெற்றது. 5 ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த மேற்பார்வையாளர் ஒருவர் இடையில் விலகி, கூடுதல் சம்பளத்துக்குப் போட்டி நிறுவனத்தில் சேர்ந்தார். ஒப்பந்தக் காலம் முடியும்வரை அவர் அங்கே அதே பணியைச் செய்யக் கூடாதென்ற தடையை 1967இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 1987இல் தில்லி உயர் நீதிமன்றம், கால்நடைத் தீவன உற்பத்தி இயந்திரத்தின் வரைபடங்களை நம்பிக்கையின் பேரில் பெற்றவர் அவற்றைத் தம் ஆதாயத்துக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது.

உலகப் பின்னணி
1995இல் நடைமுறைக்கு வந்த, உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கையான டிரிப்ஸின் 39ஆம் பிரிவு, வெளியிடப்படாத தகவலைக் காக்க உறுப்பு நாடுகளைக் கட்டாயப்படுத்துகிறது. அயல்நாட்டு அரசுக்காக வணிக இரகசியத்தைத் திருடும் பொருளாதார உளவை அமெரிக்கா 1996இல் குற்றமாக்கியது. இந்தியாவில் இரகசியத் தகவல் காப்பையும் உள்ளடக்கி 2008இல் வரைவான தேசியப் புத்தாக்க மசோதா சட்டமாகவில்லை.

2024 பரிந்துரை
22ஆவது சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் அளித்த 289ஆம் அறிக்கை, தனிச் சட்டத்துக்கு மசோதா வரைவை முன்வைத்தது. முறைகேட்டை அம்பலப்படுத்துவோருக்கும் பொதுநலனுக்கும் அதில் விலக்குகள் உண்டு. பொருளாதார உளவுக்கு வேறு சட்டம் வேண்டும் என்றது ஆணையம்.

மதுரை வட்டாரம்
மதுரைச் சுங்குடி 2005இலும் மதுரை மல்லி 2013இலும் புவிசார் குறியீடு பெற்றன. அவை வட்டாரத்துக்கே உரிய பொதுச் சொத்து. அலங்காநல்லூரில் மசாலாப்பொடி அரைத்து விற்கும் ஒருவரின் கலவை விகிதமோ அவருக்கு மட்டுமே உரியது. அதைப் பதிவுசெய்ய ஏடு இல்லை. கலவை அறிந்தவர் யார் யார், அவர்களிடம் எழுதி வாங்கியது என்ன என்பதே நீதிமன்றத்தில் அவருக்குக் கைகொடுக்கும். பெருநிறுவனங்களுக்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். வாய்ச்சொல்லை நம்பித் தொழில் நடத்தும் இத்தகையோருக்கே தெளிவான சட்டம் முதலில் தேவை.