ஆழ்துளைக் கிணற்று நீரில் மிகும் நைட்ரஜன்: மீன்குஞ்சுகளைக் காப்பது எப்படி?

ஆழ்துளைக் கிணற்று நீரை நேரடியாகத் தொட்டியில் விட்டு மீன்குஞ்சு வளர்க்கும்போது, கிருமித் தாக்குதல் எதுவும் இல்லாமலேயே குஞ்சுகள் கூட்டமாக இறப்பது உண்டு. நீரில் அளவுக்கு மேல் கரைந்துள்ள நைட்ரஜன் வாயு இதற்கு ஒரு முக்கியக் காரணம். இந்தப் பாதிப்புக்கு வாயுக்குமிழ் நோய் என்று பெயர்.

எதில் எவ்வளவு கரையும்?

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனாலும் அது நீரில் மிகக் குறைவாகவே கரைகிறது.

• 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், காற்றுபடும் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 15 மில்லிகிராம் கரையும்.
• 30 டிகிரியில் இது சுமார் 12.5 மில்லிகிராமாகக் குறையும். நீர் சூடாகும்போது வாயு வெளியேறும்.
• கடல்நீரில், நன்னீரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாகக் கரையும்.
• எண்ணெய், கொழுப்பு ஆகியவற்றில் நீரைவிடச் சுமார் 5 மடங்கு கூடுதலாகக் கரையும்.

மீன் கழிவிலிருந்து உருவாகும் அம்மோனியா வேறு. அது நீரில் மிக எளிதாகக் கரையும். அதற்கான தீர்வும் வேறு.

நைட்ரஜன் மிகுவது ஏன்?

அழுத்தம் கூடினால் கரையும் வாயுவும் கூடும். 10 மீட்டர் ஆழத்து நீரில், மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு வாயு கரைய முடியும். கம்ப்ரசர் மூலம் நீர் எடுக்கும் கிணறுகளில் காற்று ஆழத்திலேயே நீரில் கலக்கிறது. மோட்டாரின் உறிஞ்சு குழாயில் கசிவு இருந்தாலும், புட்வால்வு நீர்மட்டத்துக்கு மேலே வந்தாலும் காற்று உள்ளே இழுக்கப்பட்டு, பம்பின் அழுத்தத்தில் கரைந்துவிடும்.

இந்த நீர் தொட்டிக்கு வந்ததும், மிகுதியான வாயு செவுள் வழியாக மீனின் இரத்தத்தில் சேர்ந்து குமிழாக மாறுகிறது. ஆக்சிஜனை மீனின் உடல் பயன்படுத்திக்கொள்ளும். நைட்ரஜனை அப்படிப் பயன்படுத்த முடியாததால் குமிழ்கள் தங்கி, இரத்த ஓட்டத்தை அடைக்கின்றன.

அறிகுறிகள்

• துடுப்பு, தோல், செவுள் ஆகியவற்றில் சிறு குமிழ்கள்
• கண் பிதுங்குதல்
• குஞ்சுகள் நிலைதடுமாறி, வயிறு மேலாக மிதத்தல்

குழாய் நீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வையுங்கள். சில நிமிடங்களில் உட்சுவரெங்கும் நுண்குமிழ்கள் ஒட்டினால், நீரில் வாயு மிகுந்துள்ளது என்று சந்தேகிக்கலாம்.

செய்ய வேண்டியவை

• இந்த நோய்க்கு மருந்து இல்லை. நீரைச் சரிசெய்வதே தீர்வு.
• குழாயின் வாயைத் தொட்டி நீருக்குள் மூழ்க விடாதீர்கள். துளையிட்ட தட்டுகளை அடுக்கி, அவற்றின் வழியே நீரைச் சிதறி விழச் செய்யுங்கள். மிகுதி வாயு வெளியேறுவதோடு ஆக்சிஜனும் சேரும்.
• இயன்றால், நீரைத் தனித் தொட்டியில் ஒரு நாள் ஏரேட்டர் ஓட்டி வைத்திருந்து பிறகு பயன்படுத்துங்கள்.
• உறிஞ்சு குழாய் இணைப்புகளில் கசிவு இருந்தால் அடையுங்கள்.
• பாதிப்பு தெரிந்தால் புதுநீர் விடுவதை நிறுத்தி, ஏரேட்டரை ஓட்டுங்கள்.

ஆழம் குறைந்த தொட்டியில் ஆபத்து அதிகம். ஆழம் ஒரு மீட்டர் கூடினால், சுமார் 10 சதவீத மிகுதி வாயு குமிழாகாமல் நீரிலேயே அடங்கும். ஆழமான குளத்தில் மீன்கள் கீழே சென்று தப்பிக்கலாம். அரை மீட்டர் தொட்டியில் உள்ள குஞ்சுகளுக்கு அந்த வழி இல்லை. எனவே குஞ்சு வாங்கி விடுவதற்கு முன்பே நீரைச் சோதித்துவிடுவது நல்லது.