ஃபன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோ

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல் இந்தியாவில் தயாரித்த, மூன்றே முக்கால் அங்குல வீரர் பொம்மைகள். எம்.ஆர்.எஃப்., அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ ஆகியவற்றின் கூட்டுமுயற்சியாக 1987இல் இந்நிறுவனம் பிறந்தது. ஜி.ஐ. ஜோ, ராணுவமும் அறிவியல் புனைவும் கலந்த பொம்மைத் தொடர். எதிரிப்படையின் பெயர் கோப்ரா. அச்சு ஹாஸ்ப்ரோவுடையது என்றாலும் நிறங்கள் பல நேரம் அமெரிக்க மூலத்திலிருந்து மாறின. அந்த மாற்றமே இவற்றின் அழகு. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குவதும் அதற்காகத்தான். அட்டையிலிருந்து பிரிக்காதவற்றுக்கு மதிப்பு அதிகம்.

உருமாற்றிப் பார்ப்பவர்களுக்கு இவை மிகவும் தோதானவை. முதுகிலுள்ள ஒற்றைத் திருகாணியைக் கழற்றினால் மார்பு இரண்டாகப் பிரியும். தலை, கை, கால்களை வேறொரு வீரனோடு மாற்றிக்கொள்ளலாம், புதுச் சாயம் பூசலாம். மார்பையும் கால்களையும் பிணைக்கும் ரப்பர் வளையம் மட்டும் நாளடைவில் இற்று அறுந்துவிடும். பரணில் பழைய பொம்மை கிடந்தால், முதலில் அந்த வளையத்தை மாற்றுங்கள்.