மூவர் நடந்த அறை

எழுதியதை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டிக் கருத்துச் சொல்லும் பெண்கள் குழு ஒன்றில் சேரும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். தனியாகவே எழுதிப் பழகியவள் நான். பலர் கை பட்டால் என் எழுத்து என்னுடையதாக இருக்குமா என்ற பயம் எனக்கு உண்டு. இந்தப் பயத்துடன்தான் பிரான்டே சகோதரிகளைப் படித்தேன்.

சார்லட் தன் கவிதைகளை அனுப்பியபோது, இலக்கியம் பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக முடியாது என்று 1837இல் பதில் எழுதினார் இங்கிலாந்தின் அரசவைக் கவிஞர். வெளியுலகம் தந்த விமர்சனம் இது. ஹாவர்த் வீட்டிலோ, இரவு 9 மணிக்குத் தையலை ஒதுக்கிவிட்டு, சார்லட், எமிலி, ஆன் மூவரும் அறைக்குள் நடந்தபடியே தங்கள் கதைகளைப் பேசினார்கள். வாரத்தில் ஓரிரு முறை, எழுதியதை வாசித்தார்கள்.

தங்கைகளின் கருத்தைக் கேட்டு எழுத்தை மாற்றியது அரிது என்று சார்லட்டே எலிசபெத் காஸ்கலிடம் சொல்லியிருக்கிறார். நாயகி அழகியாகத்தான் இருக்க வேண்டுமா என்று அவர்களோடு வாதாடித்தான் 'ஜேன் அயர்' நாயகியைப் படைத்தார். ஆனாலும் வாசிப்பு நிற்கவில்லை.

1848 டிசம்பரில் எமிலி இறந்தார். 1849 மே மாதம் ஆன். பாதியில் நின்ற 'ஷெர்லி' நாவலைச் சார்லட் தனியாகவே முடித்தார். தனிமையிலும் எழுத முடிந்தது. ஆனால் இரவில் அவர் ஒற்றையாக நடக்கும் காலடி கேட்டு வீட்டுப் பணிப்பெண் மனம் வருந்தியதைக் காஸ்கல் பதிவு செய்கிறார்.

சார்லட்டின் சொற்களைத் தங்கைகள் பறிக்கவில்லை. அவர் எழுதுவதைப் பெண்ணின் வேலையாக மதித்துக் கேட்டார்கள். எனக்கும் அப்படிக் கேட்பவர்கள் வேண்டும். எதை மாற்றுவதென்று நான் முடிவு செய்துகொள்வேன். குழுவில் சேர்கிறேன்.