கெட்ட காற்றும் கிள்ளான் சதுப்பும்



மலேரியா என்ற பெயரே ஒரு பழைய தவற்றிலிருந்து பிறந்தது. இத்தாலிய மொழியில் அதற்குக் கெட்ட காற்று என்று பொருள். சதுப்பு நிலத்திலிருந்து இரவில் எழும் நச்சுக்காற்றே காய்ச்சலைத் தருகிறது என்று படித்த மருத்துவர்களும் பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். அவர்கள் அறிவிலிகள் அல்லர். சுற்றியிருந்த உலகம் அந்த நம்பிக்கைக்கு நாள்தோறும் சாட்சி சொன்னது. சதுப்பருகே குடியிருந்தவன் காய்ச்சலில் விழுந்தான். இரவில் சன்னலைச் சாத்திப் படுத்தவன் தப்பினான். சதுப்பு நீரை வடித்தால் ஊரே நலம் பெற்றது. கண்டதெல்லாம் மெய், சொன்ன காரணம் மட்டும் தவறு. பாதி மெய்யோடு ஒட்டிக்கொண்டு வரும் தவற்றைப் பிரித்தெடுப்பது எளிதன்று.

மலாயாவில் காடு வெட்டி ரப்பர் நட்ட நாளில், புது மண்ணைக் கிளறினால் நஞ்சு கிளம்பும் என்று துரைமார் பலர் எண்ணினார்கள். காட்டு முனியின் கோபம் என்று லயத்தில் சொல்லிக்கொண்டவர்களும் உண்டு. முறைக்காய்ச்சலின் போக்கும் அதற்கு ஒத்து வந்தது. குளிர் நடுக்கி, உடல் கொதித்து, வியர்த்து அடங்கினால், மறுநாள் ஆள் எழுந்து நடமாடுவான். முதல்நாள் கட்டிய தாயத்துக்கே அந்தப் பெருமை போய்ச் சேரும். அதற்கடுத்த நாள் மீண்டும் நடுக்கினால், நேர்த்திக்கடனில் ஏதோ குறை என்பார்கள். அடுத்த வீட்டிலும் அதே பேச்சு, கிணற்றடியிலும் அதே பேச்சு. மாற்றிச் சொல்ல லயத்தில் யார் இருந்தார்கள்?

1897ஆம் ஆண்டில் செகந்தராபாத்தில், ரொனால்டு ராஸ் என்ற இராணுவ மருத்துவர் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். மறு ஆண்டில் கல்கத்தாவில், பறவைகளைக் கொண்டு, நோய் கொசுக்கடியால் பரவும் விதத்தை மெய்ப்பித்தார். அதனால் கெட்ட காற்று உடனே ஓடிவிடவில்லை. லாகூரை அடுத்த மியான் மீர் இராணுவ முகாமில் கொசு ஒழிப்பு சரியாகப் பலிக்காமற் போகவே, ஐயுற்றவர்களின் குரல் ஓங்கியது.

நம் நாட்டில் அதற்கு விடை சொன்னது கிள்ளான். 1901இல் அங்கு அரசாங்க மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) காய்ச்சல் தலைவிரித்தாடியது. துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சே எழுந்தது. வாட்சன் சொற்போரில் இறங்கவில்லை. கால்வாய் வெட்டச் சொன்னார். சதுப்பை வடித்துப் புதரை அழிக்கச் சொன்னார். அவ்விரு இடங்களிலும் 1901இல் காய்ச்சலால் மாண்டவர்கள் 368 பேர். 1902இல் 59 பேர்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் இதைச் சொல்ல வந்திருக்கமாட்டேன். காட்டை வெட்டி நீரை வடித்தால் காய்ச்சல் போகும் என்பது இப்போது புதிய வேதமாகிவிட்டது. கரையோரச் சமநிலத்தில் அது சரி. குன்றுப்பாங்கான தோட்டங்களிலோ காட்டை வெட்ட வெட்டக் காய்ச்சல் பெருகியது! சமநிலத்துக் கொசு நிழலில் தேங்கிய நீரை நாடும். குன்றுக் கொசு வேறு இனம். வெயில் படும் தெளிந்த ஓடையில்தான் முட்டையிடும். நிழலை நீக்கியவர்கள் தாமே அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தார்கள். தம்முடைய முறை அங்கே செல்லாது என்பதை வாட்சனே கண்டறிந்து எழுதினார். பிறகு ஓடை நீரை நிலத்தடிக் குழாய்களில் ஓடவிட்டார்கள். நீர்மேல் எண்ணெயும் தெளித்தார்கள்.

தவறான நம்பிக்கையைச் சட்டம் போட்டு அடக்கினால் என்ன என்று கேட்போர் உண்டு. கிள்ளான் வெற்றிக்குப் பின், மாற்றுக் கருத்தே கூடாது என்று அரசு வாயடைத்திருந்தால், முதலில் அடங்கியிருப்பது குன்றுத் தோட்டங்களின் உண்மைதான். அங்கே மடிந்துகொண்டிருந்தவர்கள் நம்மவர்கள்.

அதட்டல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குக் கொயினாவே சாட்சி. அது நல்ல மருந்து. ஆனால் பெரட்டில் வரிசையாக நிறுத்தி, வேலைக்கு விரட்டுகிற அதே கை அதை நீட்டியது. நாக்கடியில் ஒளித்து வைத்து, மறைவில் துப்பியவர்கள் உண்டு. கசப்பு மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. கொடுத்தவர்மேல் நம்பிக்கை இல்லை. அதற்காக எல்லாவற்றையும் அவரவர் விருப்பத்திற்கு விட்டுவிடவும் முடியாது. ஒருவன் தன் வாசலில் தேக்கிய நீர் பத்து வீட்டைப் படுக்கவைக்கும். நீரை வடிக்கச் சட்டம் வேண்டும். முனிக்குக் கோழி நேர்ந்தவனைத் தண்டிக்கச் சட்டம் எதற்கு? நேர்ந்துகொண்டே மருந்தும் குடித்தவர்கள் எத்தனையோ பேர். பிள்ளை பிழைத்தது.

நிபுணர்களும் இதற்கு விலக்கல்லர். குரங்கு மலேரியா மனிதருக்கு வருவது மிக அரிது என்றே நெடுநாள் எண்ணியிருந்தார்கள். நுண்ணோக்கியில் அது மனித மலேரியாவின் ஒரு வகைபோலவே தோன்றியதால், அப்படியே பதிந்தும் வந்தார்கள். சரவாக்கின் கப்பிட் பகுதியில் பால்பீர் சிங் குழுவினர் மரபணுச் சோதனை செய்து, 2004இல் உண்மையை வெளியிட்டார்கள். மனித மலேரியா 2018 முதல் மலேசியாவுக்குள் பரவவில்லை. ஆனால் காட்டோரம் வேலை செய்வோருக்குக் குரங்கு மலேரியா இன்றும் வருகிறது. ஆகவே காய்ச்சல் கண்டால் மருத்துவமனைக்குப் போய் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். காட்டோரம் வேலை செய்வதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.