தலைச்சுமையும் முதுகுச்சட்டமும்

நெய்வேலி நகரியத்துக்கு அருகே, பண்ருட்டி வட்டத்துச் செம்மண் மேட்டில் அமைந்த முத்தாண்டிக்குப்பமும் அதன் சுற்றூர்களும் முந்திரிக்கும் பலாவுக்கும் பேர்போனவை. இங்கு ஒரு பலாப்பழம் பத்து, இருபது கிலோ இருப்பது சாதாரணம். முப்பதைத் தாண்டுவதும் உண்டு. மரத்தில் கயிறு கட்டி இறக்கப்படும் அந்தப் பழம் தோப்புக்குள்ளிருந்து வண்டிப் பாதை வரை ஆளின் தலையிலோ தோளிலோதான் பயணம் செய்திருக்கிறது. இத்தனை கனத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவர்கள், உலகின் வேறு பல பகுதிகளில் வழங்கிய முதுகுச்சட்டத்தை, அதாவது முதுகோடு பொருந்துமாறு மரத்தாலோ உலோகத்தாலோ செய்து, தோள்வாரில் மாட்டி, பாரத்தை அதில் வரிந்து கட்டும் சாதனத்தை, ஏன் தமிழ்ச் சமவெளியின் வழக்கமாக்கிக்கொள்ளவில்லை என்பது ஆராயத்தக்க கேள்வி. சுமையைத் தூக்கிவிட யார் இருந்தார்கள், இறக்கிவைக்க எங்கே இடம் இருந்தது என்ற இரண்டையும் பார்த்தால் விடை பெருமளவு கிடைத்துவிடுகிறது.

முதுகுச்சட்டம் மிகப் பழையது. 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மனிதனின் உடைமைகளுள், வளைத்த ஹேசல் கழியும் லார்ச் மரப்பலகைகளும் கிடைத்தன. அவற்றை முதுகுச்சட்டத்தின் பாகங்கள் என்றே ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். வட அமெரிக்காவில் 1920களில் லாயிட் நெல்சன் விற்பனைக்குக் கொண்டுவந்த மரச்சட்டமும், 1952இல் டிக் கெல்டி கலிபோர்னியாவில் தொடங்கிய தொழிலில் உருவான அலுமினியச் சட்டமும் மலையேறுவோரிடமும் வேட்டைக்காரரிடமும் பரவின. எல்க் எனப்படும் பெரிய மானினத்தின் ஆண் விலங்கு முந்நூறு கிலோவைத் தாண்டுமாதலால், அதை வீழ்த்திய வேட்டைக்காரர் அங்கேயே தோலுரித்து, தொடை, சப்பை என்று பிரித்து, துணிப்பைகளில் இட்டு, ஒவ்வொரு நடைக்கும் முப்பது, நாற்பது கிலோவாகச் சுமந்து வண்டி நிற்கும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அதனால்தான் அவர்கள் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, பையின் கொள்ளளவைவிட, சட்டம் பாரத்தில் வளையாமல் நிற்கிறதா, இடுப்புவார் இடுப்பெலும்பின்மேல் சரியாக அமர்ந்து தோளின் பாரத்தை வாங்கிக்கொள்கிறதா, இறைச்சியை முதுகை ஒட்டிக் கட்டமுடிகிறதா என்பவற்றையே பார்க்கின்றனர். பாரம் முதுகைவிட்டு விலக விலக ஆளைப் பின்னால் இழுக்கும். சரிவில் அது ஆபத்து. பாரம் கட்டிய சட்டத்தைத் தரையில் நிறுத்தி, அதற்கு முதுகு கொடுத்து உட்கார்ந்து, வாரை மாட்டி, முன்புறம் சாய்ந்து தானே எழுந்துவிடலாம் என்பதே இச்சாதனத்தின் முதன்மையான வசதி. துணையற்றவனின் கருவி அது.

தமிழ் நிலத்து வேட்டை பெரும்பாலும் கூட்டத்தின் தொழிலாக இருந்தது. வலை கட்டி, நாய்களை ஏவி, பலர் சூழ்ந்து நடத்தும் வேட்டையில் தூக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. விலங்கின் முன்னங்கால்களையும் பின்னங்கால்களையும் தனித்தனியே பிணைத்து, இடையே கழியைச் செருகி, முன்னொருவரும் பின்னொருவருமாகத் தோளில் வைத்துக்கொண்டால் போதும். தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறியதாக மரபு கூறும் பெரியபுராணத்தில், அந்தப் பன்னிரண்டாம் நூற்றாண்டு நூலில், வேட்டுவரான கண்ணப்பரின் வரலாறு இதற்கு நல்ல சான்று. துணைவந்த வேடரான நாணனும் காடனும் உடனிருக்கும்வரை, வீழ்த்திய பன்றியைப் பொன்முகலி ஆற்றங்கரைக்குக் கொண்டுசெல்வது ஒரு சிக்கலாகவே தோன்றுவதில்லை. அவர் தனித்து மலையேறும்போதுதான் சுமக்கும் வழி விரிவாகப் பேசப்படுகிறது: ஒரு கையில் வில், மறு கையில் இலைக்கல்லையில் இறைச்சி, வாயில் நீர், தலைமயிரில் பூ. பக்தியைப் பாடவந்த சேக்கிழார், இரண்டே கைகள் உடைய தனி வேட்டுவனின் இடர்ப்பாட்டையும் துல்லியமாகக் கண்டிருக்கிறார் என்று சொல்லத் தோன்றுகிறது.

சமவெளிப் புதர்க்காடுகளில் கிடைத்தவை பெரும்பாலும் முயல், கௌதாரி, காடை போன்ற சிறு உயிர்கள்; அவற்றுக்குத் தோளில் தொங்கும் பையே மிகை. நீலகிரியில் ஆங்கிலேயர் கடமானும் காட்டெருதும் சுட்டபோது, சுட்டவர் சுமக்கவில்லை. உள்ளூர் ஆட்கள் சுமந்தனர். அங்கு வேட்டையை ஒழுங்குபடுத்த 1879இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பொழுதுபோக்கு வேட்டை நாடு முழுவதும் முடிவுக்கு வந்தது.

எனவே இந்நிலத்தின் சுமை வரலாற்றை வேட்டையில் அன்றி வயலிலும் சாலையிலும்தான் தேட வேண்டும். தலைச்சுமையின் அடிப்படைக் கருவி சும்மாடு: துண்டையோ பழம்புடவைக் கிழிசலையோ முறுக்கி, வளையமாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகித் தலையில் வைப்பது. உருண்டையான குடம் உருளாமல் இருக்கவும், கட்டு விறகின் முனை மண்டையில் அழுத்தாமல் இருக்கவும் அது உதவுகிறது. முள்முள்ளான பலாப்பழத்துக்கு அதன்மேல் ஒரு சாக்குமடிப்பும் தேவைப்படும். நெல் மூட்டையையோ பெரிய புல்லுக்கட்டையோ தன் தலைக்குத் தானே ஏற்றிக்கொள்வது அரிது. வரப்பில் போகிறவரை நிறுத்தி, “கொஞ்சம் தூக்கிவிடுங்க” என்று கேட்பதும், கேட்கப்பட்டவர் மறுக்காமல் கைகொடுப்பதும் இதனால் ஊர் ஒழுக்கத்தின் பகுதியாயின. எல்லார் சுமைக்கும் எல்லாரும் கைகொடுத்துவிடவில்லை என்பதையும், தீண்டாமை கடைப்பிடிக்கப்பட்ட ஊர்களில் இந்த உதவிக்கும் ஓர் எல்லைக்கோடு இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

ஆளில்லாத சாலையில் தூக்கிவிடுபவரின் இடத்தைக் கல் எடுத்துக்கொண்டது. இரண்டு கற்றூண்களை நட்டு, மேலே ஒரு பலகைக்கல்லைக் கிடத்திய சுமைதாங்கி, ஏறத்தாழ ஆளின் தோளுயரம் இருக்கும். சுமப்பவர் அதை நெருங்கிக் கழுத்தைச் சற்றே தாழ்த்திச் சுமையைக் கல்லின்மேல் நகர்த்தலாம். இளைப்பாறியபின் அதே வழியில் தலைக்கு மீட்டுக்கொள்ளலாம். குனிவதும் இல்லை, பிறரை அழைப்பதும் இல்லை. கருவுற்ற நிலையில் இறந்த பெண், இறக்காத சுமையோடு போனவள் என்ற நம்பிக்கையில், அவள் நினைவாக உறவினர் சுமைதாங்கி நாட்டும் வழக்கம் தமிழகத்தின் பல பகுதிகளில் இருந்தது. பெயர் பொறித்த கற்களும் உண்டு, பெயரில்லாதவை மிகுதி.

சமவெளித் தமிழர் முதுகில் சுமக்கவே அறியாதவர் என்று இதனால் முடிவுகட்டிவிட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கென்று இலங்கை மலைநாட்டுக்குச் சென்றவர்கள், 1869இல் தலைகாட்டிய இலைநோயால் காப்பி அழிந்து தேயிலை பரவியபின், கயிற்றைத் தலையில் கொடுத்து முதுகில் தொங்கவிடும் கொழுந்துக் கூடைக்குப் பழகினர். செங்குத்தான சரிவில், இடுப்பளவு செடிகளுக்கு நடுவே, இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளிப் பின்னால் எறிய வேண்டிய வேலைக்குத் தலைச்சுமை உதவாது. நிலமும் வேலையும் மாறியபோது சுமக்கும் முறையும் மாறியது.

தலைச்சுமையைப் பின்தங்கிய முறை என்று ஒதுக்குவதும் சரியன்று. கென்யப் பெண்கள் தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் சுமந்தாலும், வெறுங்கையோடு நடப்பதைவிட அதிக ஆற்றல் செலவிடுவதில்லை என்று 1986இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நெற்றிவாரில் கூடையைத் தாங்கும் நேபாளச் சுமையாளரும் நவீன முதுகுப்பைக்காரரைவிடச் சிக்கனமாக நடக்கின்றனர் என்று 2005இல் மற்றோர் ஆய்வு கூறியது. ஆயினும் இத்திறன் இளமை முதலான பழக்கத்தால் வருவது. அதன் விலையைக் கழுத்தும் முழங்காலும் கொடுக்கின்றன.

முத்தாண்டிக்குப்பத்துக்கு அருகே சுமையின் அளவே வேறாகிவிட்டது. 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் அமைக்கப்பட்டு, 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தபின், மேல்மண்ணை வெட்டச் சக்கர வாளி எந்திரங்களும், கொண்டுசெல்லப் பட்டைக் கடத்திகளும் வந்தன. தோப்புகளுக்கு லாரி வந்தது. ஆயினும் பலாத் தோப்பில் மரங்களுக்கிடையே லாரி நுழைய முடிவதில்லை. மரத்தடியிலிருந்து லாரி நிற்கும் இடம் வரையுள்ள தூரத்துக்குச் சும்மாடும் சாக்குமடிப்பும்தான் பயன்படுகின்றன.