பேரீச்சம் பாகும் ‘தேன்’ என்னும் பெயர்ப்பும்

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டுத் தமிழ்ப் பெயர்ப்பில் ‘தேன்’ என வரும் இடங்களிற் பெரும்பாலானவற்றுக்கு எபிரெய மூலத்தில் நிற்பது ‘தெவாஷ்’ என்னும் சொல்லாகும். அச்சொல் ஈக்கள் தொகுக்கும் தேனை மட்டும் சுட்டுவதன்று. பழத்தினின்று வடித்த பாகினையும் சுட்டுவது. அதற்கு உறவாகிய ‘திப்சு’ என்னும் அரபிச் சொல் இன்றும் பேரீச்சு, கொடிமுந்திரி முதலிய கனிகளின் பாகுக்கே வழங்குகின்றது. அக்கேடிய மொழியின் ‘திஷ்பு’ என்பதும் இவ்வினத்ததே. இரு பொருள்களைத் தழுவிய ஒரு சொல்லுக்கு நம் பெயர்ப்பாளர் ஒரு பொருளையே கொண்டனர். அதனால் மேற்காசிய மக்களின் அடுக்களைப் பொருளொன்று தமிழ் படிப்போர் கண்ணுக்கு முற்றும் மறைந்துவிட்டது.

அப்பாகு எடுக்கும் முறை மிக எளியது. ‘மத்பசா’ எனப்படும் சிற்றறையின் தளத்தில் இணையிணையாகக் கால்கள் வகுத்திருப்பர். அவற்றின்மேல் பேரீச்சம்பழம் நிறைந்த ஓலைப் பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவர். மேலடுக்கின் சுமையாலும் கோடையின் வெப்பத்தாலும் பழம் நெகிழ்ந்து கசியும் சாறு, கால்வழியே ஓடி, தாழப் புதைத்த சாடியில் வந்து சேரும். தீயும் வேண்டா, செக்கும் வேண்டா. பகுரைன் தீவின் கல்அத் அல்-பகுரைன் மேட்டில் அகழ்ந்து கண்ட இத்தகைய அறையொன்று ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுப் பழமை உடையது. கத்தார் நாட்டின் அல் சுபாரா 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் முத்து வாணிகத்தாற் செழித்த ஊர். அங்கும் இவ்வறைகள் பல வெளிப்பட்டுள்ளன. இடையே அரசுகள் பல தோன்றி மறைந்தன. அறையின் அமைப்போ பெரிதும் மாறவில்லை. ஈராக்கில் பழத்தை நீரிலிட்டு வேகவைத்து, பிழிந்து வடித்து, சாற்றைச் சுண்டக் காய்ச்சும் முறையும் உண்டு.

இப்பாகில் பத்தில் ஏழு பங்களவு சர்க்கரையாகும். அதுவும் பெரும்பாலும் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்னும் எளிய வடிவினதாகலின் உடலில் விரைந்து சேரும். நீர் குறைவாதலின் நுண்ணுயிர்கள் அதில் எளிதிற் பெருகா. நெடுநாள் கெடாது நிற்கும். பொட்டாசியம் ஓரளவு உண்டு. புரதமும் கொழுப்பும் மிகச் சிறிதே. நம் நாட்டில் இன்று புட்டியில் விற்கும் பேரீச்சம்பழச் சிரப்பை இரும்புச் சத்தின் பொருட்டே வாங்குவார் பலர். அதிலுள்ள இரும்பு ஏனைய மரக்கறி உணவின் இரும்பைப் போன்றே உடலிற் குறைவாகச் சேர்வதென்பதை அவர் அறிதல் நன்று. ஈராக்கில் இதனை எள் விழுதோடு குழைத்து அப்பத்தில் தொட்டு உண்பர். பகுரைனில் சோற்றையே இப்பாகினால் இனிப்பாக்கி, ‘முகம்மர்’ எனப் பெயரிட்டு, பொரித்த மீனோடு பரிமாறுவர். பாபிலோனிய மரபினரான யூதர் பாசுகா விழாவில் இதனுடன் அக்ரூட் பருப்பைக் கலந்து வைப்பர்.

இனி, பண்டை மெசபொத்தோமியாவில் ஈத்தேன் எத்துணை அரிதாயிருந்தது என்பதற்குக் கல்வெட்டுச் சான்றொன்று உளது. யூப்பிரத்தீசு ஆற்றின் நடுப்பகுதியிலுள்ள சூகு நாட்டை கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் ஆண்ட சமாசு-ரேசா-உசூர் என்பான், தேனும் மெழுகும் தரும் ஈக்களை மலைநாட்டினின்று கொணர்ந்து தன் நாட்டிற் குடியேற்றியதாகவும், தன் முன்னோருள் எவரும் அதனைச் செய்திலர் எனவும் பெருமிதத்தோடு பொறித்துள்ளான். எங்கும் கிடைக்கும் பொருளாயின் இவ்வாறு செருக்குதற்கு இடமில்லை. பாபிலோனியர் பேரீச்சிலிருந்து உணவும் மதுவும் தேனும் பெற்றனர் என எரோதோத்தசு கூறுவதும் ஈண்டு நோக்கத்தக்கது.

இவ்விரு சான்றுகளையும் கொண்டு, விவிலியத் தேன் முழுவதும் பழப்பாகே என முடிவு கட்டுவாரும் உளர். அஃது அவசர முடிபாகும். யோர்தான் பள்ளத்தாக்கின் தெல் ரெகோவ் என்னுமிடத்தில் அமிகாய் மாசார் நடத்திய அகழ்வில், களிமண்ணும் வைக்கோலும் கொண்டு செய்த உருளை வடிவத் தேன்கூடுகள் வரிசை வரிசையாக வெளிப்பட்டன. அச்செய்தி 2007-இல் உலகறிந்தது. அவற்றின் காலம் கி.மு. 10, 9-ஆம் நூற்றாண்டுகள். எனவே இசுரவேல் நாட்டில் தேனீ வளர்ப்பும் இருந்தமை தெளிவு. சிம்சோன் கதையில் சிங்கத்தின் உடலிலிருந்து எடுத்தது தேனே என்பதில் ஐயமில்லை. ஈக்களின் கூட்டம் அங்கேயே சொல்லப்படுகின்றது. உபாகமம் 8-ஆம் அதிகாரத்தின் நிலையோ வேறு. அங்கே கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம் ஆகிய விளைபொருள்களின் ஈற்றில் ‘தெவாஷ்’ வருகின்றது. நிலத்தின் விளைவுகளை எண்ணும் வரிசையில் ஈத்தேனுக்கு இடம் பொருந்தாது. யூத மரபுரையாளரும் அதனைப் பேரீச்சம் பாகு என்றே கொண்டனர்.

தமிழில் இவ்விடர்ப்பாடு மிகுதற்கு நம் சொல்லே ஒரு காரணம். ‘தேன்’ என்பதற்கு வண்டு என்னும் பொருளும் உண்மையின், அச்சொல்லைக் கேட்ட அளவிலே ஈயும் உடன் நினைவுக்கு வரும். ‘தெவாஷ்’ என்பதில் அவ்வியைபு இல்லை. ‘தேறல்’ எனலாமோ எனின், அது கள்ளின் தெளிவைக் குறித்துப் பிறழ உணரச் செய்யும். ‘பாகு’ என்பதில் காய்ச்சுதற் குறிப்பு உண்மையின் மத்பசா அறையின் வடிசாற்றுக்கு முற்றும் ஒவ்வாது என ஒரு தடை எழலாம். ஆயினும் ஈராக்கியர் காய்ச்சியும் எடுப்பதாலும், யாழ்ப்பாணத்தார் ‘பாணி’ என்பதைப் போலக் குழம்பாய் நிற்கும் இனிப்பைத் தமிழர் அச்சொல்லால் எளிதில் உணர்வதாலும், உபாகம இடத்துக்குப் ‘பேரீச்சம் பாகு’ என்பதே ஏற்புடையது. பாலோடு சேர்த்து நாட்டின் வளம் கூறும் இடங்களில் இரு பொருளுக்கும் வழியிருத்தலின், ‘தேன்’ என்பதை நிறுத்தி அடிக்குறிப்பில் விளக்குதல் போதும். சிம்சோன் கதையில் மாற்றம் வேண்டா.